சக்கரையின் ச

“உன் வாய் மட்டும் அசையுது கிளாரா, வார்த்தை வரல. இனிமே எங்கிட்ட எதையும் பேசாத, எழுதிக் குடு.” எழுதிக் குடுக்கணுமாம். நான் என்ன தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிறேனா? முப்பத்தோரு வருஷமாக இந்த மனுஷனோடு வாயால்தான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். வாயால் திட்டி, வாயால் சமாதானமாகி, பிள்ளை ஒன்றைப் பெற்று வளர்த்துக் கத்தாருக்கு விமானம் ஏற்றியது வரைக்கும் எல்லாம் வாய்தான். ஒரு கடுதாசி எழுதியதில்லை, கல்யாணத்துக்கு முந்தியும் எழுதியதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் சொன்னார், இன்றைக்குச் சனி, நாலு நாளாக நான் பேசவும் இல்லை, எழுதவும் இல்லை. சோற்றை வைக்கிறேன், சாப்பிடுகிறார். வேட்டியை மடித்து வைக்கிறேன், கட்டிக்கொள்கிறார். வீடு ஆஸ்டல் மாதிரி இருக்கிறது. இத்தனைக்கும் காரணம் ஒரு டம்ளர் காபி. கொண்டுபோய் வைத்துவிட்டு “சக்கரை இல்ல” என்றேன். டாக்டர் வேண்டாம் என்றதால் போடவில்லை, அவ்வளவுதான், தகவல். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி “யாருக்கு?” என்றார். யாருக்கென்றால், காபி யாருக்கோ அவருக்கு. “உங்களுக்குத்தான் சக்கரை இல்ல” என்றேன் கொஞ்சம் அழுத்தி. “எனக்கா அக்கறை இல்ல? எனக்கா?” என்று டம்ளரை நகர்த்தினார், காபி பேப்பரெல்லாம் ஓடியது, எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சக்கரைங்க, சக்கரை, சக்கரை என்று நான் கத்துகிறேன். அக்கறை, அக்கறை, அக்கறை என்று அவர் காதுக்குள் நான் அவரை நக்கலடித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு துணி போட்டுத் தரையைத் துடைக்கும்போதுதான் பிடிபட்டது. முதல் எழுத்து விழுந்துவிட்டது. சமையற்கட்டுக்கும் அவர் நாற்காலிக்கும் நடுவில் எங்கேயோ ஒரு ச விழுந்து கிடக்கிறது. அதைப் பொறுக்கி அவர் காதில் கொண்டுபோய்ப் போடத்தான் காலையிலிருந்து சமையற்கட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஈயக் கம்பியும் இடுக்கியுமாக உட்கார்ந்திருக்கிறேன், வாங்கிய மீனைக்கூடக் கழுவாமல்.

மேஜையில் இரண்டு டிரான்ஸ்பார்மர். ஒன்று தீப்பெட்டியில் பாதி இருக்கும், புதுசு, வெள்ளை ஸ்டிக்கரில் அறுநூறுக்கு அறுநூறு ஓம் என்று சுத்தமாக அச்சடித்திருக்கிறது, டெலிபோன் லைனுக்கென்று செய்தது. மற்றது பழசு, பெருங்காய டப்பா அளவுக்கு ஒரு இரும்பு டப்பா, யாரோ கலைத்துப்போட்ட ரெக்கார்டிங் ஸ்டுடியோவிலிருந்து வந்ததாம். பெயர் எழுதியிருந்த இடத்தைச் சுரண்டியிருக்கிறார்கள், அடியில் சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று நாலு ஒயர் திசைக்கொன்றாக நீட்டிக்கொண்டிருக்கிறது. சிங்காரத்தோப்பில் முதல் கடையில் போய் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் என்று கேட்டேன், பழைய டி.வி.க்குள் இருக்குமே, அதைத் தூக்கி வைத்தான். இரண்டாவது கடையில் ஜமால் பாய்தான் என்ன வேலைக்கு என்று கேட்டார். மேடம் என்று கூப்பிட்டார். என் இங்கிலீஷைக் கேட்டால் கடைக்காரர்களுக்கு மேடம் வந்துவிடும், பக்கத்தில் நிற்கும் என் வீட்டுக்காரர் இன்னாசிக்கு சார் வராது. “ரெண்டையும் வீட்ல வெச்சுப் பாருங்க மேடம், ஒண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணைக் குடுங்க. ஆனா ஈயம் பட்டா திருப்பி வாங்க மாட்டேன். டப்பாவைக் கேட்டுத் தஞ்சாவூர்க்காரர் ஒருத்தர் வர்றாரு, சனிக்கிழமை பன்னெண்டுக்குள்ள போன் அடிச்சிடுங்க.” ஈயம் பட்டால் வாங்க மாட்டாராம், மூணு முடிச்சு விழுந்துவிட்டால் கேட்காதே என்கிற மாதிரி. மணி பத்தே முக்கால். எனக்கு எதற்கும் காத்திருக்கப் பிடிக்காது, காய்கறிக்காரனிடம் தேர்ந்தெடுத்து நின்றதே கிடையாது, கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருகிறவள் நான். புருஷனையும் அப்படித்தான், அப்பா மூணு போட்டோ காட்டினார், மேலே இருந்ததைக் காட்டி இதுவே போதும் என்றேன். இப்போது இரண்டு இரும்புத் துண்டுக்கு முன்னால் நாலு நாளாக முழிக்கிறேன்.

காது டாக்டர் கொடுத்த காகிதத்தில் கோடு மேஜை விளிம்பு மாதிரி நேராக வந்து, வலது பக்கம் ஒரே இறக்கமாக விழுகிறது. கனத்த சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கும், மெல்லிசான கூர்ச் சத்தம்தான் போய்விட்டது என்றார் டாக்டர். லாரி கேட்கும், மிக்ஸி கேட்கும், பொன்மலையில் இஞ்சின் முனகினால் சங்கிலியாண்டபுரத்தில் இவருக்குக் கேட்கும். குக்கர் விசில் கேட்காது. போன மாதம் நான் கோவில் அன்பியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன், குக்கருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டே பருப்பைக் கரியாக்கினார். ச போய்விட்டது, ஸ போய்விட்டது, த பாதி போய்விட்டது. மீதமுள்ள தமிழை வைத்துக்கொண்டு என்னைப் புரிந்துகொள்கிறார். காதுக்கு மிஷின் வாங்கலாம் என்றால், தனிஸ்லாஸ் வைத்திருந்தாரே, ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இவரோடு வேலை பார்த்தவர், பூசையில் அப்பத்தை உயர்த்துகிற நேரம் பார்த்து அவர் மிஷின் கீ என்று ஊதி, கோவிலே திரும்பிப் பார்த்தது. “எனக்கு அந்தக் கொட்டைப்பாக்கு வேணாம்” என்றுவிட்டார். சரி, கொட்டைப்பாக்கு வேண்டாம், நான் மேஜை அளவுக்கே செய்கிறேன். சமையற்கட்டில் ஒரு மைக். மைக்கிலிருந்து ஈக்வலைசர், கிட்டாக வாங்கி நானே பூட்டியது, ஐந்து குமிழ், கனத்த சத்தத்துக்கு ஒன்று, கூரானதற்கு ஒன்று, நடுவில் மூன்று. டாக்டர் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கோடு எங்கெல்லாம் விழுகிறதோ அங்கெல்லாம் குமிழை ஏற்றினேன். அதிலிருந்து முப்பது அடி ஒயர், பிரிட்ஜுக்குப் பின்னால் போய், சுவரோரமாக அவர் நாற்காலி வரைக்கும். அங்கே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், பையன் விட்டுப்போன பெரிய ஹெட்போன். மூணு வருஷம் பி.எஸ்சி. பிசிக்ஸ், பிறகு முப்பது வருஷம் சாம்பார், ஆனால் ரயில்வே டெலிபோன்காரர் வீட்டில் வாழ்ந்துவிட்டு ஈயம் வைக்கத் தெரியாமல் இருக்குமா? போன மாதம் இதே ஏற்பாட்டை டிரான்ஸ்பார்மர் இல்லாமல் மாட்டிவிட்டேன். அரை நிமிஷம் வைத்துக்கொண்டார். ம்ம்ம்ம் என்று ஒரே இரைச்சல். “இதுல உன் குரல் இல்ல, பிரிட்ஜ் குரல்தான் கேக்குது. பரவால்ல, அது உன்னைவிட அமைதியாப் பேசுது” என்று கழற்றி வைத்தார். கரண்ட்டின் முனகல் கனத்த சத்தம், அதுதான் இவருக்குப் பத்துக்குப் பத்து கேட்குமே. ஜமால் பாய் சொன்னார், கடைசியில் ஒரு அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போட்டுட்டா இரைச்சல் இந்தப் பக்கமே நின்னுக்கும் மேடம், பேச்சு மட்டும் தாண்டிப் போகும். பேச்சு மட்டும் தாண்டிப் போகும். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றலாம், ஆனால் அவர் பாய்.

எழுதிக் குடு. புதன்கிழமை எழுதிப் பார்த்தேன், இல்லையென்று பொய் சொல்வானேன், காலண்டர் தாளின் பின்பக்கம் “சாப்பாடு ரெடி” என்று எழுதினேன், கிழித்து அடுப்பில் போட்டேன். பேசினால் எழுது என்பது எனக்குத் தண்டனை. ஏழாம் வகுப்பில் சிஸ்டர் ஒடீல் கறுப்புப் பலகையைத் துடைத்துக்கொண்டே திரும்பாமல் சொல்வார், கிளாரா, ஹண்ட்ரட் டைம்ஸ். ஐ ஷல் நாட் டாக் இன் கிளாஸ். நூறு தடவை. முதலில் நூறு ஐ-யைக் கீழே கீழே எழுதிவிட்டு, அப்புறம் நூறு ஷல், அப்புறம் நூறு நாட் என்று நெல் நடுகிற மாதிரி நடுவேன். என் கையெழுத்து இவ்வளவு அழகாக இருப்பதற்கு என் வாய்தான் காரணம். ஐம்பத்து நாலு வயதில் மறுபடி இம்போசிஷனா? அதுவும் இவருக்கு என்ன தெரியும், நான் பேசுவதில் பாதி எழுத்தில் இல்லை. “ஆமாமா, நீங்க சொன்னா சரிதான்” என்று எழுதிக் கொடுத்தால் சரிதான் என்றே எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த ஆமாமாவை நான் எப்படி இழுப்பேன் என்பதை எந்த எழுத்தில் எழுதுவது? கல்யாணமான புதிதில் இவர் அம்மா முன்னால் ஒரு நாள், “உங்க பிள்ளைக்கு என்ன அத்தை, ராஜா” என்றேன். அத்தை சந்தோஷப்பட்டார், இவர் மட்டும் சோற்றைப் பிசைந்தபடி சிரிப்பை அடக்கினார். அந்தச் சிரிப்புக்குத்தான் இவ்வளவு வருஷம் பேசியிருக்கிறேன். கேட்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை மடித்துக்கொண்டால்தான் என் பேச்சு பேச்சு, இல்லாவிட்டால் வெறும் கத்தல். அக்கம்பக்கத்தில் கேட்டால் கிளாரா கத்துவாள் என்றுதான் சொல்வார்கள், கிளாரா வேடிக்கையாகப் பேசுவாள் என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் இவர்தான், அவர் காது போகிறது. நாலு நாளாக நெஞ்சுக்குள் சுற்றிச் சுற்றி வருவது அதுகூட இல்லை. இவருக்கு இந்த அமைதி பிடித்துப்போய்விட்டால்? நேற்று மத்தியானம் எட்டிப் பார்த்தேன், ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடி, முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல் இருந்தார். எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் எல்லார் பேச்சையும் காதில் வாங்கியவர், போதும் என்று கதவைச் சாத்திக்கொண்டாரோ? அப்படியானால் நான் என்ன டிரான்ஸ்பார்மர் போட்டு என்ன, சாத்திய கதவுக்கு வெளியே நின்று மணியடிக்கிறவள்தான். சேச்சே. சாத்தவில்லை. விழுந்துவிட்டது. விழுந்ததை எடுக்கலாம். கிளாரா, வேலையைப் பார்.

மீட்டரை எடுத்தேன், அவருடைய மீட்டர், ரிட்டையரானபோது பழைய சாமான் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தது. டப்பாவின் நாலு ஒயரில் எது எதற்கு ஜோடி என்று தெரிய வேண்டும். சிவப்பும் பச்சையும் ஒரு ஜோடி, ஐம்பத்தெட்டு காட்டியது. மஞ்சளும் கறுப்பும் இன்னொரு ஜோடி, அறுபத்தொன்று. சரி, இரண்டும் கிட்டத்தட்ட சமம், நல்லது. ஆனால் இதுவும் அறுநூறுதான் என்று பாய் சொன்னாரே, அந்த அறுநூறு எங்கே? ஓம் என்றால் ஓம்தானே, அறுநூறு என்று சொல்லிவிட்டு ஐம்பத்தெட்டைக் கட்டிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? எனக்குச் சுர்ரென்று ஏறியது, போனை எடுத்தேன். “பாய், அறுநூறு ஓம்னு சொன்னீங்க, அம்பத்தெட்டு காட்டுது. இது என்ன, பத்துப் பங்கு தண்ணி ஊத்தின பாலா?” “மேடம், மீட்டர்ல அப்படித்தான் வரும்.” “அப்ப மீட்டர் எதுக்கு, தாயத்து மாதிரி இடுப்புல கட்டிக்கவா?” அந்தப் பக்கம் சிரிக்கிறார், கோபம் வராத மனுஷன். “சார் எக்ஸ்சேஞ்ச்காரர்தானே மேடம், சார்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்.” “சார்கிட்ட எப்படிக் கேக்கறது, அவருக்குத்தான் காது கேக்காதே.” சொல்லிவிட்டேன். கடைக்காரரிடம், சமையற்கட்டில் நின்று, உரக்க. இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. பையன் கேட்டால் அப்பா மாடியில் இருக்கிறார், தூங்குகிறார், அப்புறம் பேசுவார் என்று மழுப்புவேன். கோவிலில் யாராவது கூப்பிட்டு இவர் திரும்பாவிட்டால், ஏதோ யோசனையில் இருக்கிறார் என்பேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சமையற்கட்டு வாசற்படியில் நிற்கிறார், கையில் காலி டம்ளர். எவ்வளவு நேரமாக? முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவசரமாக வாக்கியத்தை எழுத்து எழுத்தாகப் பிரித்தேன். அவருக்குத்தான் காது கேக்காதே. அ, ரு, கா, கே, எல்லாம் வயிற்றிலிருந்து வருகிற கனத்த எழுத்து, ஒரு ச இல்லை, ஒரு ஸ இல்லை. சோப்பு இல்லை, தபால் வந்தது, ஸ்டெல்லா வீட்டில் குழந்தை பிறந்தது, இது எதுவும் அவருக்குப் போய்ச் சேராது. இது மட்டும் துளி சிந்தாமல் போயிருக்கும். கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால் இந்த முகம்தானா? கேட்காவிட்டாலும் இதே முகம்தானே.

அவர் என்னைப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்த்தார். “அது தடை” என்றார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டே, சுவருக்குச் சொல்கிற மாதிரி, “நீ தேடறது எதிர்ப்பு. அது மீட்டர்ல வராது.” நான் என்ன கேட்க முடியும், பேசாதே என்றிருக்கிறாரே, கண்ணை மட்டும் அகல விரித்தேன். “சும்மா கெடக்கறப்ப இருக்கிறது தடை. சத்தம் உள்ள ஓடறப்பதான் எதிர்ப்பு தெரியும். நீ ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு அந்தாள்கிட்ட சண்டைக்கு நிக்கிற. அந்தச் சின்னதையும் வெச்சுப் பாரு.” தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சண்டைக்கு நிக்கிற என்றாரே, சண்டை காதில் விழுந்ததா, என் முகத்தைப் பார்த்துத் தெரிந்ததா? முகமாகத்தான் இருக்கும், என் முகத்துக்கும் ஒலிபெருக்கி உண்டு. சின்னதை வைத்துப் பார்த்தேன். ஸ்டிக்கரில் அறுநூறு, மீட்டரில் எழுபத்துநாலு. ஆக அறுநூறு என்று அச்சடித்ததுகூட அறுநூறு காட்டாது. ரெசிஸ்டன்ஸ், இம்பீடன்ஸ், இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மனப்பாடம் செய்தவள் நான், பரீட்சையில் டெஃபனிஷனுக்கு முழு மார்க். வார்த்தை வாயில் உருண்டது, பொருள் உருளவில்லை. இவர் லால்குடி போர்டு ஸ்கூலில் தமிழில் படித்தவர், தடை, எதிர்ப்பு என்று இரண்டு தனித்தனிச் சொல், அதனால் இரண்டு தனித்தனிப் பொருளாகவே தலையில் உட்கார்ந்திருக்கிறது. இவருடைய இங்கிலீஷை நான் எத்தனை கூட்டத்தில் கேலி செய்திருக்கிறேன். இவர் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், “மை மிஸஸ், கான்வென்ட்டு” என்பார், கான்வென்ட்டு என்பது ஏதோ நான் வாங்கிய பட்டம் மாதிரி, அவ்வளவு பெருமையாக. எனக்கு மானம் போகும். சும்மா கெடக்கறப்ப இருக்கிறது தடை. இவரை நான் எப்போதும் சும்மா கிடக்கும்போதுதான் அளந்திருக்கிறேன், பேப்பரும் நாற்காலியுமாக, ஒரு எண் வந்ததும் குறித்துக்கொண்டு, இவ்வளவுதான் இந்த ஆள் என்று. சரி, போதும், உவமை சொல்வதற்குப் பாதிரியார் இருக்கிறார். பாய்க்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை நாளைக்குப் பார்க்கலாம். முக்கியமாக, இவர் என்னிடம் பேசினார். ஆறு வாக்கியம், ஏழு வாக்கியம். எழுதிக் குடுக்கவில்லை.

சத்தம் உள்ளே ஓட வேண்டும் என்றால் சத்தத்தை ஓட விட வேண்டியதுதான். பேசுகிறவளும் நானே, கேட்கிறவளும் நானே என்றால் எப்படி, அதனால் மொபைலில் பதிந்தேன். “சக்கரை இல்ல. அக்கறை இல்ல. சக்கரை இல்ல. அக்கறை இல்ல.” பக்கத்து வீட்டில் யாராவது கேட்டிருந்தால் கிளாராவுக்கு முற்றிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். மொபைலை ஈக்வலைசரில் சொருகி, ஈயம் படாமல் முதலை வாய்க் கவ்வியால் சின்னதைக் கவ்வவைத்து, கூர்க் குமிழை முழுக்க ஏற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இரைச்சல் இல்லை. முனகல் சுத்தமாகச் செத்துவிட்டது, பாய் சொன்னது சத்தியம். பேச்சும் வந்தது, தெளிவாக, டிரங்க் கால் மாதிரி. அக்கறை இல்ல. அக்கறை இல்ல. அக்கறை இல்ல. அக்கறை இல்ல. நாலும் ஒன்றுதான். எனக்கே ஒன்றுதான், நல்ல காது இருக்கிற எனக்கே. டெலிபோனில் எப்போதும் அப்படித்தானே, பெயரைச் சொன்னால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஊர் சொல்ல வேண்டியிருக்கிறது. குரல் போய்ச் சேர்ந்தால் போதும், கூர்மை எதற்கு என்று கஞ்சத்தனமாகச் செய்த சாமான். எந்த எழுத்துக்காக இவ்வளவு பாடுபடுகிறேனோ அந்த எழுத்தை வாசலிலேயே பிடித்துக்கொள்கிறது. ஸ்டிக்கர் மட்டும் அழகு. கவ்வியை மாற்றி டப்பாவில் போட்டேன். ஸ்ச. காதுக்குள் கடுகு வெடித்தது, தூக்கிவாரிப் போட்டது, குமிழைக் கொஞ்சம் இறக்கினேன். சக்கரை. அக்கறை. சக்கரை. அக்கறை. தனித்தனியாக, இரண்டு பேர் மாதிரி, அண்ணன் தம்பி மாதிரி அல்ல, முன்பின் தெரியாத இரண்டு பேர் மாதிரி. நான் எழுந்து நின்றுவிட்டேன். சமையற்கட்டில் ஹெட்போனோடு நின்றுகொண்டு, ஜெபமாலை சொல்கிற மாதிரி, மறுபடி போட்டேன், மறுபடி போட்டேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோதான் அது காதில் பட்டது. ச இருக்கிறது, தெளிவாக இருக்கிறது. ஆனால் சக்கரை இல்ல என்று சொல்கிற அந்தப் பெண்பிள்ளை, யார் அவள்? டம்ளரை நங்கென்று வைக்கிற குரல். ச வந்த பிறகும், சக்கரை என்று துல்லியமாகக் கேட்ட பிறகும், அவள் சொல்வது அக்கறை இல்ல என்பதைத்தான். காது சரியாக இருக்கிறவர்கள்கூட அதைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு அவர் எழுத்தைத் தப்பாகக் கேட்டார், தொனியைத் தப்பாகக் கேட்கவில்லை. ஐந்து குமிழில் அதற்கு ஒரு குமிழ் இல்லை. நான் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி, எதையாவது இறக்கினால் அந்த நங் குறையுமா என்று. கனத்ததை இறக்கினால் அவள் மெலிகிறாள், நடுவை இறக்கினால் தூரப் போகிறாள், மென்மையாவதில்லை. இவ்வளவு வருஷம் நான் இப்படியா பேசுகிறேன்? வேடிக்கை என்று நினைத்தேனே, உதட்டை மடித்துச் சிரிக்கிறார் என்று நினைத்தேனே. இல்லை, சிரித்தார், அது பொய்யில்லை, நான் பார்த்தேன். பக்கத்தில் இருந்தபோது சிரித்தார். அறையைத் தாண்டிக் கத்த ஆரம்பித்த பிறகுதான் நங் வந்தது. கேட்கவில்லை என்று கத்தினேன், கத்தினதால் வேடிக்கை போய்விட்டது, வேடிக்கை போனதால் அவர் கேட்பதை விட்டார். எது முதல், எது பிறகு, இதைச் சுற்றிக்கொண்டே இருந்தால் மீன் கெட்டுவிடும். மெதுவாகச் சொன்னாலும் போய்ச் சேரும் என்றால் மெதுவாகச் சொல்லலாம்தானே. அதற்குத்தானே இந்த டப்பா. கத்தாமல் இருக்க ஒரு வழி.

போன் அடித்தது, பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம், ஜமால் பாய். “மேடம், தஞ்சாவூர்க்காரர் வந்து உக்காந்திருக்காரு, டப்பா என்னாச்சு?” “ஈயம் பட்டுடுச்சு பாய்” என்றேன். படவில்லை, ஈயம் வைக்கிற சூட்டுக்கோல் இன்னும் சூடாகக்கூட இல்லை. “அச்சச்சோ, அப்ப சின்னதைக் கொண்டாந்துடுங்க. சார் என்ன சொன்னாரு?” “சார் நீங்க சொன்னதையேதான் சொன்னாரு. மீட்டர்ல வராதாம்.” “அதான் மேடம், அவர்தான் எக்ஸ்சேஞ்ச்காரராச்சே” என்று அவர் சந்தோஷப்பட்டதில் என் மன்னிப்பு பாதி கழிந்துவிட்டது. வைத்துவிட்டு நாலு ஒயரின் நுனியையும் சுரண்டினேன், சிவப்பு, பச்சை உள்ளே வர, மஞ்சள், கறுப்பு வெளியே போக. ஈயம் உருகி ஒயரைச் சுற்றிப் பளபளவென்று உட்காரும்போது இவர் எப்போதும் சொல்வார், ஊதாத, தானா ஆறட்டும், ஊதினா உள்ள வெடிக்கும். எனக்கு ஊதாமல் இருக்க வராது, ஆற வேண்டும், உடனே ஆற வேண்டும். இன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். நாலு இணைப்பு, நாலுக்கும் நின்றேன். தஞ்சாவூர்க்காரருக்குத் தர முடியாதபடி ஆகிவிட்டது.

ஆம்ப்ளிஃபயரையும் ஹெட்போனையும் கொண்டுபோய் அவர் நாற்காலிக் கையில் வைத்தேன். பேப்பருக்குப் பின்னால் இருந்தார், பேப்பர் அசையவில்லை. மாட்டிக்கொள்ளுங்கள் என்று ஜாடைகூடக் காட்டவில்லை, வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மைக்கை முறத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஸ்விட்சைப் போட்டு, எதிரில் உட்கார்ந்தேன். இப்போது என்ன சொல்வது? நாலு நாளாகச் சேர்த்துவைத்த குத்தலெல்லாம் எங்கே போயிற்று, ஒன்றும் கிடைக்கவில்லை. கேக்குதா என்று கேட்கலாம். கேட்க மாட்டேன். கேக்குதா என்று கேட்டால், கேட்காவிட்டாலும் கேக்குது கேக்குது என்று தலையாட்டுவார், ஒரு வருஷமாக அப்படித்தான் என்னை ஏமாற்றினார், நானும் ஏமாந்தேன். என்ன மொழி இது, காதில் விழுவதற்கும் கேட்பதுதான், வாய்விட்டு வேண்டுவதற்கும் கேட்பதுதான். அப்படியானால் இரண்டாவது கேட்பதைக் கேட்டுத்தான் முதல் கேட்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும், எழுந்து வந்தால் கேட்டது என்று அர்த்தம். வராவிட்டால்? வராவிட்டால் குமிழைத் திருகலாம், மைக்கை மாற்றலாம், நாளைக்கு ஞாயிறு, பூசை முடிந்தால் வேலையொன்றும் இல்லை. ஹாலில் பேப்பர் மடிக்கிற சத்தம். பிறகு, பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து வருகிற ஒயர் தரையில் மெல்ல நகர்ந்தது, ஒரு சாண் இருக்கும், இழுபட்டு, தளர்ந்து, நின்றது. அவர் அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டால்தான் அது நகரும். செருமினால் அவர் காதில் வெடிக்குமே என்று செருமலையும் விழுங்கினேன். மைக்கிடம் குனிந்து, பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்கிற அளவுக்கு மட்டும் குரலை வைத்து, நங் இல்லாமல், மெதுவாகச் சொன்னேன். “ஏங்க, பசிச்சா பசிக்கட்டும், சமையல் இன்னும் ஆகல. செத்த நேரம் இப்படி வந்து எம் பக்கத்துல சும்மா உக்காந்திருங்களேன்.”